‘நான்தான்’ என்றால் யார்?

“செருப்பு இருக்குதேம்மா... அண்ணா உள்ளதானே இருப்பாரு?”

போன புதன்கிழமை மத்தியானம் கேஸ்காரர் என்னைக் கேட்ட கேள்வி இது. தோளில் சிலிண்டர். எதிரே சாத்திய கதவு. அவர் தங்கவேலு அண்ணன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் திரும்பினார்.

“அண்ணன் இல்லப்பா” என்றேன்.

“இன்னாம்மா இல்லன்றீங்க? செருப்பு வாசல்லயே கீது. அவரு செருப்பு எனக்குத் தெரியாதா? கட்டைவிரல் வார் அறுந்து ஒயர் போட்டுக் கட்டினது...”

எப்படிச் சொல்வேன்? காலையில் குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும், வெறுங்காலோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியதையும், ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துபோனதையும்?

சொன்னேன். அவர் சிலிண்டரை மெதுவாகக் கீழே வைத்தார். செருப்பைப் பார்த்தார். அதில் யாரோ காலை நுழைத்துக்கொண்டு நிற்பதுபோல இரண்டடி பின்னால் நகர்ந்தார். அப்புறம் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

எனக்கும் உடம்பு சிலிர்த்தது. நம் பக்கத்தில் வீட்டில் யார் இருக்கிறார் என்பதை வாசல் செருப்பைப் பார்த்துத்தானே முடிவு செய்கிறோம்? செருப்பு பொய் சொல்லும் என்று யார் நினைத்தது?

பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக இருக்கும் வீடுகளில் எங்களுடையது ஒன்று. தங்கவேலு அண்ணனுடையது ஒன்று. பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அவர் மனைவி சரோஜா அக்காவும் நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்கு ஒன்றாகப் போகிறவர்கள். ஒரே பிள்ளை பிரபு. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். செய்தி சொன்னதும் போனிலேயே கதறினான். ஆனால் அவன் பாஸ்போர்ட் முதலாளியிடம். முதலாளி வேறு ஊரில். எல்லாம் கூடி வந்து டிக்கெட் கிடைத்தாலும் வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்து சேருவான்.

“நான் வர்ற வரைக்கும் அப்பாவை எடுக்காதீங்க. முகத்தைப் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.” இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிறவன் முகம் பார்க்காமல் எப்படி வைப்பான்? ஆகையால் காக்ஸ் டவுன் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே, குளிர் அறையில் அண்ணனை வைத்தோம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள்தான் அங்கே இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் என் மகள் வாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அவள் செய்வது பாதி புரியாது. ஆனால் அந்தக் குளிர் அறைக்குக் காவல் இருப்பது அவள் எழுதிய ப்ரோக்ராம் என்பது மட்டும் தெரியும். அறைக்கு வெளியே ஒரு கம்ப்யூட்டர். உள்ளே எத்தனை டிகிரி குளிர் இருக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் சைரன் ஊதும்.

“கவலைப்படாதீங்க பெரிம்மா. லேசா சூடு ஏறினாலே ஊரைக் கூட்டிடும். நானே எழுதினது” என்று புதன்கிழமை சாயங்காலம் சரோஜா அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னாள்.

அக்கா தலையாட்டினாள். அழவில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் கரண்ட் போனது. எங்கள் ஏரியா முழுக்க. ரொம்ப நேரம் வரவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அக்கா சொன்னாள்: “வசந்தா, ஒருவாட்டி போயி பாத்துட்டு வரலாம். தனியா கெடக்குறாரு.”

விபூதிப் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு கிளம்பினோம்.

குளிர் அறை ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே. பகல் வெளிச்சம் நன்றாக விழும் இடம்தான். பக்கத்திலேயே துணி துவைத்துக் காயப் போட்டிருந்தார்கள். காகம் கத்திக்கொண்டிருந்தது. பயப்பட அங்கே என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை. அதுதான் விஷயம். சத்தமே இல்லை.

முதல் நாள் அண்ணனை உள்ளே வைத்தபோது கதவுக்குப் பின்னால் ‘உர்ர்ர்’ என்று ஓர் உறுமல் இருந்தது. இப்போது இல்லை. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோனால்தானே அது இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிகிறது? அப்படி ஒரு நிசப்தம்.

அட்டெண்டர் நாகராஜ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழ் பேசுவார், நடுவில் கன்னடமும் வந்துவிடும். அவர் ‘இதே’ என்றால் ‘இருக்கிறது’ என்று அர்த்தம்.

“ஏன்பா, சத்தத்தைக் காணோமே?” என்றேன்.

அவர் கம்ப்யூட்டரைக் காட்டினார். “நோடி அம்மா, நாலு இதே. நாலு இருந்தா கரெக்ட். காலைல கரண்ட் போச்சு, வந்தாச்சு. அலாரம் ஒண்ணும் கூவலையே? ஏனு ஆகல்ல, ஒண்ணும் ஆகல. பயப்படாதீங்க.”

திரையில் பெரிதாக, பச்சை நிறத்தில், 4.

சரோஜா அக்கா அதைப் பார்க்கவில்லை. ஸ்டீல் கதவில் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே நின்றாள்.

“வசந்தா... நேத்து கதவைத் தொட்டப்ப விரலெல்லாம் மரத்துப்போச்சு. இன்னிக்கு சும்மா இருக்குது. நம்ம வீட்டு பீரோ மாதிரி இருக்குது.”

நானும் தொட்டேன். முருகா! கதவு சாதாரணமாக இருந்தது.

கையில் தெரிவது ஒன்று. கண்ணில் தெரிவது நாலு. எதை நம்புவது? நாகராஜும் எழுந்து வந்து தொட்டார். அவர் முகம் மாறியது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட ஓடினார். நான் வாணிக்குப் போன் போட்டேன்.

“அம்மா, ஸ்கிரீன்ல நாலுக்குக் கீழ சின்னதா டைம் இருக்கும் பாரு. என்ன காட்டுது?”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தேன். காலை நேரம். கரண்ட் போன நேரம்.

சொன்னேன். வாணியின் குரல் சன்னமானது: “அம்மா... அது இப்ப உள்ள நாலு இல்ல. அது கடைசியா பாத்த நாலு. ப்ரோக்ராம் எழுந்திரிக்கவே இல்ல. திரையில காட்டுறது வேற ஒண்ணு, அது கடைசியா எழுதி வெச்சதையே காட்டிக்கிட்டு இருக்குது. நான் வரேன்.”

எழுந்திரிக்கவே இல்லை! அப்படியென்றால் காலையிலிருந்து அந்தப் பச்சை எண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது... பின்னால் யாருமே இல்லாமல். கண் திறந்தபடி இருக்கிறதே என்று விழித்திருக்கிறார் என நினைத்துவிட்டோம்.

கரண்ட் திரும்பி வந்தபோது குளிர் மெஷின் ஏதோ ட்ரிப் ஆகி நின்றிருக்கிறது. எலெக்ட்ரீஷியன் தட்டி விட்டதும் உறுமல் மறுபடி எழுந்தது. உள்ளே போய்ப் பார்த்த நாகராஜ், “பாடி சரியா இதே அம்மா. கதவு தொறக்காம இருந்ததால குளிர் உள்ளயே நின்னிருக்கு” என்றார். ஆனால் அடுத்து இன்னொன்றும் சொன்னார்.

“இன்னைக்கு ராத்திரி மறுபடி கரண்ட் போகும்னு சொல்றாங்க. லைன்ல வேலை. ராத்திரி இங்க யாரும் இருக்க மாட்டாங்க, அலாரம் இருக்குதேன்னு ஆள் போடறதில்ல...”

வெள்ளிக்கிழமை விடிந்தால் பிரபு வருவான். இடையில் ஒரு ராத்திரி. அந்த ராத்திரியில் சைரன் ஊதாமல் போனால், அவன் வந்து எந்த முகத்தைப் பார்ப்பான்?

சில்க் போர்டு சிக்னல் நெரிசலைத் தாண்டி வாணி வந்து சேர்ந்தபோது மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. யாரிடமும் பேசாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். முதல் காரியமாக அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். கரண்ட் போய் வந்தால் என்ன நடக்கும் என்று பார்க்கவாம்.

கறுப்புத் திரை. எழுத்துகள் ஓடின. கம்ப்யூட்டர் எழுந்தது.

திரையில் பச்சையாக, 4. அதே காலை நேரம். உள்ளே அப்போது பதினொரு டிகிரி என்று எலெக்ட்ரீஷியன் கையில் வைத்திருந்த மீட்டர் சொல்லிக்கொண்டிருந்தது. சைரன் ஊதவில்லை.

“ஐயோ அம்மா, இது என்னடி...” என்றேன். நாகராஜ் ஸ்டூலைத் திரையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வாணி விரல்களைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அவள் யோசிக்கும்போது சத்தமாகப் பேசுவாள். எனக்குச் சொல்வதுபோல அவளுக்கே சொல்லிக்கொண்டாள். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தப்பிருந்தால் அவளைத்தான் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டரும் ஒரு வீடு மாதிரிதான். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே ஒருவர் முதலில் எழுந்திருக்கிறார். நம்பர் ஒன். அவருக்கு ‘இனிட்’ என்று பெயர். அவர்தான் மற்ற எல்லோரையும் எழுப்பி விடுகிறவர். நம் வீடுகளில் நாம் எழுந்து பால் காய்ச்சி, ஒவ்வொருத்தரையாக உலுக்குகிறோமே, அந்த வேலை. வாணியின் ப்ரோக்ராம், முதலில் எழும் அவரிடம் ‘என்னையும் எழுப்பி விடுங்க’ என்று சொல்லி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், எல்லா வீட்டிலும் நம்பர் ஒன் ஒரே ஆள் இல்லை. கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற ஏற்பாட்டின் பழைய வகையில் ஒருவர். இப்போது வரும் புதியதில் வேறு ஒருவர். ஒருவரிடம் சொல்லி வைக்கும் இடம் வேறு. இன்னொருவரிடம் சொல்லி வைக்கும் இடம் வேறு. ஆகவே வாணியின் ப்ரோக்ராம் ஒரு வீட்டுக்குள் போனவுடன், ‘இங்கே நம்பர் ஒன் யார்?’ என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் சொல்லி வைக்கும்.

“எப்படிடி கண்டுபிடிக்கும்?”

“பழைய ஆளோட ஃபைல் ஒண்ணு இருக்கும்மா. அது இருந்தா அவரு இருக்காருன்னு...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

திரையில் எதையோ தேடினாள். கண்டாள். என் பக்கம் திரும்பியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

“அம்மா, போன மாசம் இதுல புது லினக்ஸ் ஏத்தியிருக்காங்க. பழைய ஆளு போயிட்டாரு. ஆனா அவரு ஃபைலு அப்படியே இங்க கெடக்குது. யாரும் எடுக்கல. அதுக்கப்புறம் வெச்ச என் ப்ரோக்ராம் அதைப் பாத்துட்டு, ‘ஆ, இருக்காரு’ன்னு அவருகிட்டயே சொல்லிட்டுப் படுத்துட்டுது. வெச்ச அன்னிக்கு அதுவே ஓட ஆரம்பிச்சதால யாருக்கும் தெரியல. காலைல கரண்ட் போயி வந்தப்பத்தான்...”

எனக்கு அவள் மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சரோஜா அக்காவுக்கும்.

“செருப்பு” என்றாள் அக்கா. அந்த இரண்டு நாளில் அவள் குரல் எவ்வளவு மாறிவிட்டது! “செருப்பைப் பாத்து ஏமாந்துட்டுது.”

கேஸ்காரர் வந்து போனதை நான் புதன்கிழமையே அவளிடம் சொல்லியிருந்தேன். கதவுக்குப் பின்னால் அந்த உறுமல் ஓடிக்கொண்டிருந்தது.

வாணி மெல்ல, “ஆமா பெரிம்மா” என்றாள். “செருப்பைப் பாக்கக் கூடாது. கதவைத் தட்டித்தான் கேக்கணும்.”

கேட்டாள். என்னவோ டைப் அடித்து, ‘இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நம்பர் ஒன்னே, உன் பேர் என்ன?’ என்று நேராக அவரையே கேட்டாள். பதில் வந்தது.

‘இனிட்.’

“சரி, தெரிஞ்சுபோச்சே?” என்றேன்.

“இல்லம்மா. பழைய ஆளைக் கேட்டாலும் இனிட்டுன்னுதான் சொல்வாரு. புது ஆளும் அதே பேரைத்தான் வெச்சுக்கிட்டிருக்காரு.”

இருட்டில் கதவைத் தட்டுகிறவரிடம் ‘யாரு?’ என்று கேட்டால், நாம் எல்லோரும் என்ன பதில் சொல்கிறோம்? ‘நான்தான்’ என்கிறோம். புருஷனும் நான்தான். பிள்ளையும் நான்தான். திருடனும் நான்தான்!

தொண்ணூறுகளில் பெங்களூரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பேய் வருகிறது, வீட்டு மனுஷர் குரலிலேயே கூப்பிடுகிறது, கதவைத் திறந்தால் தீர்ந்தது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் கிளம்பியது. அதை ஏமாற்றத் தெருத் தெருவாகக் கதவில் கன்னடத்தில் ‘நாளே பா’ என்று எழுதி வைத்தோம். நாளைக்கு வா என்று அர்த்தம். பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். நானும் சாக்பீஸால் எழுதினேன். சாமி கும்பிடுகிறவள் எழுதலாமா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்துவிட்டு, மழையில் எழுத்து அழிந்தபோது அவரே போய்த் திரும்ப எழுதினார்.

அந்த நாட்களில் எங்கள் காம்பவுண்டில் ஒரு வழக்கம் வந்தது. ‘நான்தான்’ என்று சொன்னால் திறக்க மாட்டோம். ‘நான்தான்னா யாரு? விவரம் சொல்லு’ என்று இன்னொரு கேள்வி.

“அப்ப இன்னொரு கேள்வி கேளுடி” என்றேன். சும்மா பயத்தில் வந்த வார்த்தைதான்.

“அதைத்தாம்மா அடிச்சுக்கிட்டிருக்கேன்” என்றாள் வாணி. அவள் விரல்கள் நிற்கவே இல்லை. நீ எந்த வகை, எந்த வெர்ஷன் என்று கேட்கிற கேள்வியாம் அது. பழையவருக்கு அந்தக் கேள்வியே விளங்காது, எதையோ உளறுவார். புதியவர் என்றால் தன் முழுப் பேரையும் சொல்லியாக வேண்டும்.

எண்டர் தட்டினாள்.

‘இனிட் – அப்ஸ்டார்ட்’ என்று ஒரு வரி வந்தது.

“புது ஆளு” என்றாள். மூச்சு விட்டாள்.

அந்தப் புது ஆள் பார்க்கும் இடம் எதுவோ, அங்கே ‘என்னை எழுப்பு’ என்று சொல்லி வைத்தாள். தன் ப்ரோக்ராமிலும் திருத்தம் போட்டாள். இனிமேல் எந்த வீட்டுக்குப் போனாலும் அது மிச்சம் மீதியைப் பார்க்காது. உயிரோடு இருக்கிறவரையே கேட்கும்.

“சரியாயிடுச்சா மேடம்?” என்றார் நாகராஜ்.

“தெரியல. அணைச்சுப் போட்டாத்தான் தெரியும்.”

அணைத்தாள்.

திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் எங்கள் நாலு பேர் முகமும் தெரிந்தது. பின்னால் ஸ்டீல் கதவும் தெரிந்தது. நான் மடியிலிருந்த விபூதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இப்போது முதலில் எழுந்திருப்பது யார்? அவர் காதில் எங்கள் வார்த்தை விழுமா? கந்தா, கடம்பா, கதிர்வேலா...

எழுத்துகள் ஓடின. நின்றன.

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை...

திடீரென்று தலைக்கு மேலே அலறியது பாருங்கள் சைரன்! காக்கையெல்லாம் பறந்தது. மாடியிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். திரையில் பச்சை போய்ச் சிவப்பில் 9 என்று வந்தது. உண்மையான ஒன்பது. உள்ளே இன்னும் முழுக்கக் குளிரவில்லை என்று அந்த மெஷின் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது.

வாணி சிரித்தாள். நாகராஜ் கை தட்டினார். ஆனால் சரோஜா அக்கா... சைரனைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

“இவ்ளோ நேரம் எங்கடி போயிருந்த?” என்று அதைக் கேட்டாள். “காலைலருந்து ஒரு வார்த்தை கத்தாம எங்க போயிருந்த? அவரு உள்ள தனியா கெடக்குறாரு, நீ எங்க போயிருந்த?”

அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். சைரனும் அழுதது, அவளும் அழுதாள். வாணி அதை நிறுத்தக் கையைக் கொண்டு போனாள். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

அன்றிரவு கரண்ட் போனது. இரண்டு முறை என்று நாகராஜ் மறுநாள் சொன்னார். இரண்டாவது முறை கரண்ட் வந்தபோது குளிர் மெஷின் மறுபடி நின்றிருக்கிறது. கம்ப்யூட்டர் எழுந்து, காவலும் எழுந்து, சூடு ஏற ஏறக் கத்தித் தீர்த்திருக்கிறது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் ஓடி வந்து எலெக்ட்ரீஷியனை எழுப்பியிருக்கிறார்.

அதற்கப்புறம் யோசிக்கிறேன். அந்த ப்ரோக்ராம் செய்த தப்பை நாம் தினமும் செய்யவில்லையா? போய்விட்ட ஆபீஸருக்கு மனு எழுதி வைக்கிறோம். மாறிப்போன பிள்ளையிடம் பழைய பிள்ளைக்கான புத்திமதியைச் சொல்கிறோம். மனதிலிருந்து எப்போதோ எழுந்து போய்விட்ட பக்தியின் பெயரில் மணியை மட்டும் ஆட்டுகிறோம். விளக்கு இருக்கிறது, மணி இருக்கிறது, சாமி படம் இருக்கிறது... உள்ளே இப்போது யார் என்று தட்டிக் கேட்டோமா? என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை. ஏர்போர்ட்டிலிருந்து பிரபு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான். பெட்டியைக்கூட இறக்கவில்லை. கதவைத் திறந்தார்கள். துணியை விலக்கினார்கள்.

தங்கவேலு அண்ணன் அப்படியே இருந்தார். குளித்துவிட்டு வந்தபோது இட்ட விபூதி நெற்றியில் இன்னும் லேசாகத் தெரிந்தது.

பிரபு ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து தன் சீப்பை எடுத்தான். “வகிடை மாத்தி எடுத்துட்டாங்கம்மா. அப்பா எடது பக்கம்தான எடுப்பாரு...” என்று சொல்லிக்கொண்டே தகப்பனுக்குத் தலை வாரி விட்டான். வாரி முடித்துக் கன்னத்தில் கையை வைத்தவன், சுரீரென்று இழுத்துக்கொண்டான்.

“அம்மா... ஜில்லுனு இருக்காரும்மா.”

இத்தனை வருஷமாகக் கடவுளிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறேன், எதற்கெல்லாமோ நன்றி சொல்லியிருக்கிறேன்... ஒரு மனுஷர் ஜில்லென்று இருந்ததற்காகக் கையெடுத்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.